மறதி ஆய்வுக்கு ஆள் சேரவில்லை, என்ன செய்வது?

கேள்வி: மதுரையில் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 60 வயது தாண்டிய, 'ஞாபகம் முன்ன மாதிரி இல்லை' என்று சொல்கிற, ஆனால் டிமென்ஷியா என்ற மறதி நோய் இல்லாத 120 பேர் எனக்கு வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு 12 வாரம் நினைவுப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்க வேண்டும். எட்டு மாதமாக அலைகிறேன், 31 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். நரம்பியல் ஓ.பி.யில் காத்திருந்தால் வருகிறவர்களுக்கு நோய் ஏற்கெனவே முற்றியிருக்கிறது. நோட்டீஸ் ஒட்டினால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி அதிகாரிகளும்தான் போன் செய்கிறார்கள். கிராமத்துக்குப் போனால் மகனோ மருமகளோ வாசலிலேயே, "வயசானா மறதி வரத்தானே செய்யும், அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். 'ரெண்டு முதியோர் இல்லத்துக்குப் போ, ஒரே மாசத்தில் முடிஞ்சிடும்' என்கிறார் நெறியாளர். போகலாமா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லம் வேண்டாம். நெறியாளரின் அவசரம் எனக்குப் புரிகிறது, உதவித்தொகைக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். ஆனால் உங்கள் ஆய்வு யாரைப் பற்றியது? சொந்த வீட்டில் சமையல், கடை, பேரப்பிள்ளை என்று நடமாடிக்கொண்டே, ஞாபகம் குறைகிறதே என்று உள்ளுக்குள் கவலைப்படுகிறவர்களைப் பற்றியது. இல்லங்களில் இருப்பவர்களில் பலர் உடம்புக்கு முடியாமல் போனதாலோ, துணையை இழந்ததாலோ, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாலோ அங்கே வந்தவர்கள். அவர்களிடம் எடுத்த முடிவை வீட்டில் இருப்பவர்களுக்குப் பொருத்த முடியாது.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. இல்லத்தின் மேலாளர் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது பேரை உட்கார வைத்து, "இந்தப் பொண்ணு கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அவரை நம்பியிருக்கிற ஒரு பெரியவர் எப்படி மாட்டேன் என்பார்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இப்படி ஒரு நிறுவனத்தைச் சார்ந்து வாழ்கிறவர்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்களாகச் சொல்வது இதனால்தான். இல்லவாசிகளின் நிலையைப் பற்றியே ஆய்வு என்றால் அந்தப் பாதுகாப்புகளோடு போகலாம். கணக்கை நிரப்பப் போகக் கூடாது.

சரி, வேறு எங்கே தேடுவது?

நரம்பியல் ஓ.பி.யில் உங்கள் ஆட்கள் இல்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். நம் ஊரில் ஒருவருடைய மறதி ஆஸ்பத்திரி வரை வருவதற்கு ஏதாவது ஒன்று நடந்திருக்க வேண்டும். கடைக்குப் போனவர் வழி தெரியாமல் நின்றிருப்பார், அல்லது மருமகள் நகையை எடுத்துவிட்டாள் என்று சொல்லியிருப்பார், அல்லது ராத்திரி எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருப்பார். அதுவரை யாரும் அழைத்து வருவதில்லை. நீங்கள் தேடுகிறவர்கள் இதற்குப் பல வருடம் முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது சர்க்கரைக்கும் பிரஷருக்கும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் வருகிற நாளில் மருத்துவ அலுவலரின் அனுமதியோடு போய் உட்காருங்கள். கண் சிகிச்சை முகாம், ஓய்வூதியர் சங்கக் கூட்டம், காலையில் பெரியவர்கள் நடக்கிற பூங்கா, மாலையில் கோயில் மண்டபம் எல்லாமே பயன்படும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கிற பெண் தன்னார்வலர்களுக்கு, எந்த வீட்டில் எந்தப் பாட்டி மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்கிறார் என்பது வரை தெரியும். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் முறையாக அனுமதி வாங்கி அவர்களிடம் பேசுங்கள். ஆனால் உங்களுக்காக ஆள் சேர்க்கும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். மாத்திரை கொண்டுவருகிறவரே வந்து கேட்டால், 'சேரலைன்னா மாத்திரை நின்னுடுமோ' என்று பெரியவர் பயந்து தலையாட்டுவார். இப்படி ஒரு ஆய்வு நடக்கிறது என்று தகவல் சொல்வதோடு அவர் வேலை முடியட்டும். கேட்பதும் விளக்குவதும் நீங்கள். சேராவிட்டாலும் மாத்திரையும் சிகிச்சையும் வழக்கம்போலக் கிடைக்கும் என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் பார்த்துத் தானாக வருகிற ஆசிரியர்களையும் அதிகாரிகளையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அவர்களுடைய கவலையும் உண்மையானதுதான். ஆனால் 120 இடங்களையும் அவர்களே நிரப்பிவிட்டால், படித்த, வசதியுள்ள, உடல்நலத்தில் அக்கறையுள்ளவர்களுக்குப் பயிற்சி உதவுமா என்பது மட்டும்தான் தெரியவரும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்களுக்கென்று ஒரு பங்கு இடத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். அந்த இடங்கள் மெதுவாகத்தான் நிரம்பும். நிரம்பட்டும்.

இப்போது வாசலில் நிற்கிற மகன், மருமகள் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இந்த இடம்தான். எட்டு மாத அலைச்சலை எழுதியிருக்கிறீர்கள், எந்த வீட்டிலும் அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. உங்களுக்கு மறுப்புச் சொன்னது அவர்கள் இல்லை. அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல, உங்கள் ஆய்வின் அடிப்படையே இதில் இருக்கிறது. நோய்க்கு முந்தைய மறதிக் கவலையை எப்படி வரையறுப்பது என்று சர்வதேச ஆய்வாளர் குழு ஒன்று 2014-இல் ஒரு சட்டகம் வகுத்தது. சோதனைகளில் எல்லாம் இயல்பாக இருக்க, முன்பைவிடத் தன் நினைவு குறைந்துவிட்டது என்று அவரே உணர்வதுதான் அதன் மையம். மகன் 'அப்பா நல்லாத்தான் இருக்காரு' என்று சொல்வதால் அந்தக் கவலை இல்லாமல் போய்விடாது. மருமகள் 'எல்லாத்தையும் மறந்துடுறாங்க' என்பதால் அது வந்துவிடுவதும் இல்லை.

குடும்பத்தின் வாய்மொழியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரே சாட்சி. 1998-இல் கொச்சியில் உருவான 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு, சென்னையில் ஒரு நகர்ப்பகுதியிலும் வேலூர் அருகே கிராமங்களிலும் 65 வயது தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ச் சந்தித்தது, ஒவ்வொரு இடத்திலும் சுமார் ஆயிரம் பேரை. 2008-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் அன்றைய அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா 0.3 சதவீதம்தான். அதே அளவுகோலில் கியூபாவில் 6.3 சதவீதம். வெவ்வேறு கல்விப் பின்னணிகளுக்குப் பொருந்துமாறு அந்தக் குழுவே உருவாக்கிய முறையில் பார்த்தபோதோ கிராமங்களின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று, வளர்ச்சி குறைந்த இடங்களில் குடும்பத்தார் 'நினைவு குறைஞ்சிருக்கு, அதனால கஷ்டப்படுறாங்க' என்று சொல்வது குறைவு என்பது. உங்களை வாசலில் நிறுத்திய அதே பதில்தான். அதற்காகக் குடும்பத்தாரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பாட்டிக்குச் சமையலும் கணக்கும் இல்லாமல் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிற வீட்டில் மறதி வெளியே தெரிய வாய்ப்பே குறைவு.

அதனால் அடுத்த முறை வீட்டுக்குள் போனதும் முதல் வணக்கம் பெரியவருக்கு. அவர் திண்ணையில் இருந்தால் நீங்களும் திண்ணையில் உட்காருங்கள். 'மறதி இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், யார்தான் முதல் பேச்சிலேயே ஒத்துக்கொள்வார்கள்? அன்றாட வேலையை வைத்துக் கேளுங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறதா? காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வருகிறதா? நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்று முன்பெல்லாம் நோட்டைப் பார்க்காமல் சொன்னவருக்கு இப்போது நோட்டு தேவைப்படுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலிருந்து மகன் பதில் சொன்னால், "உங்ககிட்ட அப்புறம் தனியா கேக்குறேன் அண்ணே, ஐயா சொல்லட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பெரும்பாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கிராமத்தில் எங்கள் ஆய்வுக்குச் சேர ஒரு பாட்டி முழு மனதோடு சம்மதித்தார். எல்லாவற்றையும் கேட்டு, இரண்டு இடத்தில் குறுக்குக் கேள்வியும் கேட்டார். மைப்பெட்டியைத் திறந்ததும் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "போன தடவை கைநாட்டு வச்சதுலதான் கிணத்தடி நிலம் போச்சு" என்றார். அந்தக் கைக்கு அது நியாயமான பயம். படிவத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம். மறு வாரம் போனபோது பள்ளிக்கூடம் போகிற பேத்தியை விட்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். இந்தக் காகிதம் எந்த ஆபீசில் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பதில் கேட்டபிறகு தானே மையைத் தொட்டார்.

நிலம் மட்டும் இல்லை. 'அம்மாவுக்கு மறதி'ன்னு எங்கேயாவது எழுதிவிட்டால் நாளைக்கு உயிலோ பத்திரமோ செல்லாது என்று யாராவது கிளம்புவார்களோ என்று மகனுக்குப் பயம். பேத்திக்கு வரன் பார்க்கிற வீட்டில் இன்னொரு பயம். முதியோர் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களோ என்று பெரியவருக்கே பயம். இதையெல்லாம் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பெயருக்குப் பதில் எண் போடுவீர்கள், பெயர்ப் பட்டியல் பூட்டில் இருக்கும், வருவாய்த் துறைக்கும் வங்கிக்கும் எதுவும் போகாது என்று நேராகச் சொல்லுங்கள். மனநலத் துறை என்று போர்டு எழுதிய வண்டியில் போனால் அதைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

ஒப்புதல் படிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் நெறிமுறைக் குழு சொல்லியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முழுப் பேச்சின்போதும் கூட இருக்க வேண்டும். மறதி இருக்கிறது என்று சொல்வதாலேயே ஒருவர் தனக்காக முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. உங்கள் ஆய்வில் சேர்கிறவர்கள் எல்லோருமே அவர்களாகத்தான் கையெழுத்துப் போட வேண்டும், மகனின் கையெழுத்து அதற்குப் பதிலாகாது. விளக்கி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "நாங்க என்ன செய்யப் போறோம்னு உங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். 'மறதிக்கு ஊசி போடுவாங்களாம்' என்று பதில் வந்தால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பயிற்சி பலன் தருமா என்று பார்க்கத்தான் ஆய்வு என்பதையும், பாதிப் பேருக்கு இப்போது பயிற்சி கிடைக்காது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டால்தான் படிவத்தை நீட்ட வேண்டும். ஒவ்வொரு வாரமும் பயிற்சிக்கு முன் ஒரு வரியில் நினைவூட்டி, 'இன்னைக்கும் இருக்கீங்களா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்தச் சோதனையை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஐங்கோணம் பார்த்து வரைவதும் ஒரு வாக்கியம் எழுதுவதும் அதில் இருந்தால், பேனாவே பிடித்திராத ஒரு அம்மாவின் முன் அதை வைக்காதீர்கள். அறுபது வருடம் வயல் வேலையும் குடும்பமும் நடத்தியவர், பேத்தி பார்த்துக்கொண்டிருக்கக் காகிதத்தின் முன் கூனிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே முடியாது. அவர் மறுபடி வரமாட்டார், அந்தத் தெருவிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள். படிப்பைச் சாராத, பேச்சாலும் செயலாலும் சோதிக்கிற கருவிகள் இருக்கின்றன. 10/66 குழு பயன்படுத்தியதும் படிப்பின் தாக்கத்தைக் குறைக்க உருவானதுதான், வேலூரில் உருவாக்கிய சிறிய சோதனைக் கருவியும் உண்டு. நெறியாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் ஆள் நிற்பதும் போவதும் இவற்றில்தான். காலை டிபனும் மாத்திரையும் முடிந்த பத்து மணி வாக்கில் வரச் சொல்லுங்கள். விரத நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு பிஸ்கட் வைத்திருங்கள். மாடி அறை வேண்டாம். கழிப்பறை பக்கத்தில் இல்லையென்றால் வயதான பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அது சோதனையையும் கெடுக்கும் உடம்பையும் கெடுக்கும். கண்ணாடி கொண்டுவரச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்காதவருக்கு உங்கள் சோதனையில் மறதி இருப்பது போலத்தான் மதிப்பெண் வரும், அதனால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோ செலவு துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்துத் தர வேண்டும், கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியும். தொகையை நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், காசுக்காகவே வரும் அளவுக்கு அது பெரிதாக இருக்கக் கூடாது. இந்தியா முழுவதும் 60 வயது தாண்டிய நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த லாசி-டாட் ஆய்வில் சோதனை ஆஸ்பத்திரியிலும் நடந்தது, வீட்டிலும் நடந்தது. உங்களாலும் வீட்டுக்குப் போக முடிந்தால் போங்கள். அப்புறம், 12 வாரக் கணக்குப் போடும்போது நாள்காட்டியைப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மதுரையில் யாரையும் பயிற்சிக்குக் கூப்பிட முடியாது.

120 பேர் வேண்டுமென்றால் 120 பேரைச் சந்தித்தால் போதாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் நாடுகளில் நடந்த, அல்சைமர் நோய்க்கான ஏ4 என்ற மருந்து ஆய்வில் 1,169 பேரைச் சேர்ப்பதற்குச் சுமார் 4,500 பேருக்கு மூளை ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் ஆய்வுக்கு ஸ்கேன் கிடையாது, இருந்தாலும் சந்திப்பதில் பெரும்பகுதி தகுதிச் சோதனையில் நின்றுவிடும். நின்றவர்களுக்கு என்ன தருகிறீர்கள் என்று யோசித்தீர்களா? மறதி என்று சொல்லி வருகிறவர்களில் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கேட்காத காது என்று சரிசெய்யக்கூடிய காரணம் உள்ளவர்கள் இருப்பார்கள். "நீங்க எங்க ஆய்வுக்குப் பொருந்தலை, போயிட்டு வாங்க" என்று அவர்களை அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, ஒரு சீட்டு எழுதி, எந்த நாளில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். டிமென்ஷியா இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அந்த வார்த்தையை வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம். அதற்கு முன்பே, சோதனை தொடங்கும்போதே, "முடிவை உங்ககிட்ட மட்டும் சொல்லவா, வேற யார்கிட்டயாவது சொல்லலாமா?" என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக லாசி-டாட் கணக்கிட்டது. தமிழ்நாட்டு மக்களில் 60 தாண்டியவர்களின் பங்கு 2021-இல் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்தபடி இங்கேதான் அதிகம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு எந்தப் பயிற்சி உதவும் என்பதை நம் ஊரில்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால் உங்கள் வேலை நடக்க வேண்டும், சரியாகவும் நடக்க வேண்டும்.

நெறியாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஆள் தேடும் இடங்களை மாற்றி நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திருத்த விண்ணப்பம், மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் அதே திருத்தம், கூடுதலாக ஆறு மாதம். அவ்வளவு காலம் கிடைக்காவிட்டால் புள்ளியியல் தெரிந்தவரிடம் உட்கார்ந்து, எண்ணிக்கையைக் குறைத்து எந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தேட முடியும் என்று பாருங்கள். எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பேர் தாங்களே மறுத்தார்கள், எத்தனை வீட்டில் பெரியவரைப் பார்க்கவே விடவில்லை என்பதைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். ஆய்வேட்டில் அந்த அட்டவணைக்கும் மதிப்பு உண்டு.

திருத்தத்துக்கு ஒப்புதல் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்த 31 பேருக்கும் போன் செய்து, எப்படி இருக்கிறார்கள், வந்து போவதில் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் திருத்தத்தில் சேர்க்கலாம். நண்பர்களின் நம்பரை அவர்களிடமிருந்து வாங்காதீர்கள். ஒப்புதல் வந்த பிறகு உங்கள் நம்பரை, பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு சீட்டில், அவர்களிடம் கொடுங்கள். விருப்பம் உள்ளவர்கள் கூப்பிடுவார்கள்.